கண்ணாடி அலமாரியில் மூன்று அட்டைகள்

அத்தியாயம் 6

"வெள்ளம் எந்த மாடி வரைக்கும் வந்துச்சுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள் இசைவாணி.

பதிவேட்டு எழுத்தர் மாரியப்பன் மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார். அவர் உட்கார்ந்திருந்தது திண்டிவனம் அமிர்தவர்ஷிணி மருத்துவமனையின் இரண்டாவது மாடி. ஜன்னலுக்குக் கீழே சென்னை போகும் பேருந்துகளின் கூரைகள் தெரிந்தன.

"அந்தப் புயல் மழையில போச்சுங்க மேடம். ஃபைலெல்லாம் கூழாயிடுச்சு. அள்ளிக் கொட்டிட்டோம்."

"எல்லா வருஷத்து ஃபைலுமா?"

"கொஞ்சம் கொஞ்சம்."

அவருக்குப் பின்னால் இரும்பு அலமாரியில் 2017, 2018, 2020, 2021 என்று சிவப்பு மையில் எழுதிய கட்டுகள் தூசியோடு நின்றன. 2019 இருக்க வேண்டிய இடத்தில் யாரோ கழற்றிய மின்விசிறி இறக்கைகள் இருந்தன.

"நல்லா படிச்ச வெள்ளம் மேடம்" என்றான் ஆரோக்கியராஜ். "ரெண்டு மாடி ஏறி வந்து, வருஷம் பாத்து, ஒரே ஒரு கட்ட மட்டும் எடுத்துக்கினு போயிருக்குது. படியில வந்துச்சாண்ணே, லிஃப்ட்லயா?"

மாரியப்பன் அவனைப் பார்க்காமல் இசைவாணியிடமே பேசினார். "ஆபரேஷன் முடிஞ்சப்ப பேஷண்ட் கையில ஒரு அட்டை குடுத்திருப்போம். அது இருந்தா கொண்டாங்க. எழுதி சரி பண்ணிடலாம்."

"ஜெராக்ஸ் எடுத்துத் தரட்டுமா?"

"ஜெராக்ஸ் வேணாங்க. ஒரிஜினல்."

காலையிலிருந்து அவர் அந்தச் சொல்லைச் சொல்வது மூன்றாவது முறை. இசைவாணி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

இசைவாணிக்கு நாற்பத்தாறு வயது. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவள். போலி மருந்து பற்றி அவள் எழுதிய அறிக்கை ஒன்று அலமாரிக்குள் போனது, அவளை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, விழுப்புரம் பழைய பேருந்து நிலையத்தருகே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் 'விசாரணை நிலையம்' என்று பலகை மாட்டினாள். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான். ஆரோக்கியராஜ் பன்னிரண்டு வருடம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக டாக்டர்களின் வாசலில் பையோடு நின்றவன். தான் விற்கும் டானிக்கைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன் என்று ஒரு டாக்டரிடம் உண்மையைச் சொன்ன நாளோடு அந்த வேலை போயிற்று.

படியில் இறங்கும்போது அவள் குரலைத் தாழ்த்தினாள். கோபம் ஏற ஏற அவள் குரல் இறங்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

"எல்லாம் தொலைஞ்சு போச்சுன்னு சொல்றவன் எது கெடச்சாலும் போதும்னு வாங்கிக்குவான். இவன் ஒரிஜினல் மட்டும்தான் வேணும்ங்கறான். ஏன் ராஜ்?"

"சேத்து வெக்கறதுக்கு இல்ல. மிச்சம் மீதி வெளிய இருக்கக் கூடாது."

"ஆபரேஷன் எத்தன மணிக்கு?"

"நாலு. இப்ப பதினொண்ணே கால்."

முதல் மாடியில் பெண்கள் வார்டு. நான்காவது கட்டிலில் சூசை மேரி பச்சை நிற அங்கியில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசி குத்தி, சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மகள் ஜெர்லின். இசைவாணியைத் தேடி விழுப்புரத்துக்கு வந்தவள் அவள்தான்.

சூசை மேரிக்கு ஐம்பத்தொரு வயது. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. 2017இல் மார்பில் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். 2019 செப்டம்பரில் இந்த மருத்துவமனை ஒரு இலவச முகாம் நடத்தியது. அவளைப் போல மார்பை இழந்த ஐந்து பெண்களுக்கு உள்ளே சிலிகான் பை வைத்துத் திருப்பி அமைத்துக் கொடுத்தார்கள். வாசலில் பதாகை கட்டிப் படமெடுத்து, ஆளுக்கொரு சேலையும் கொடுத்து அனுப்பினார்கள். ஆறு வருடம் ஒன்றுமில்லை. போன தீபாவளிக்குப் பிறகு அந்தப் பக்கம் மட்டும் வீங்கியது. இங்கே இரண்டு முறை ஊசியால் நீரை உறிஞ்சினார்கள். அதைச் சோதனைக்கு அனுப்பவில்லை. கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, சீழ் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள்.

ஜெர்லின் அம்மாவைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "உள்ள வெச்சது எந்த ரகம்?" மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும் பைகளைச் சுற்றிப் பல வருடம் கழித்து, அபூர்வமாக, ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் வருவதுண்டு. அது மார்புப் புற்றுநோய் அல்ல, வேறு. இப்படி நீர் கோத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் அதன் முதல் அறிகுறி. நீரைச் சோதித்தால் தெரிந்துவிடும். பையையும் அதைச் சுற்றி உடம்பு கட்டியிருக்கும் ஜவ்வையும் முழுதாக எடுத்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். எந்த ரகமானாலும் வாருங்கள், சோதித்துவிடலாம் என்றார் அவர்.

சூசை மேரி இதைத் திண்டிவனத்தில் வந்து சொன்னாள். டாக்டர் சக்கரபாணி சிரித்தார். உனக்கு வைத்தது வழுவழுப்பான ரகம், அதில் இந்த வம்பெல்லாம் கிடையாது, நானே எடுத்துவிடுகிறேன், காசு வேண்டாம் என்றார். அவள் நம்பினாள். அந்த நோயின் பெயரை இரண்டாவது முறை கேட்கத் தெம்பில்லாதவர்கள் நம்பத்தான் செய்வார்கள்.

ஜெர்லின் நம்பவில்லை. காரணம், பெருமுக்கல் அம்மணி. அதே முகாமில் வந்தவள், சூசை மேரியின் தோழி. போன வருடம் மார்ச்சில் அவளுக்கும் இப்படித்தான் வீங்கியது. இங்கேதான் எடுத்தார்கள். பையை மருத்துவக் கழிவோடு எரிக்க அனுப்பினார்கள். ஜவ்வை உள்ளேயே விட்டுவிட்டார்கள். நவம்பரில் அக்குளில் கட்டியோடு அம்மணி செத்துப்போனாள். என்ன நோய் என்று கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை.

"அக்கா" என்றாள் இசைவாணி. "அந்த அட்டை எங்க?"

"தொலைஞ்சு போச்சும்மா. ஆஸ்பத்திரிலேர்ந்து ரெண்டு தபா ஆளு வந்து கேட்டாங்க. அவங்ககிட்டயும் அதான் சொன்னேன்."

"வூட்ல அரிசி வாங்குன பத்து வருஷத்து ரேஷன் ரசீது வெச்சிருக்கிறீங்க. ஜெர்லின் காமிச்சா. ஸ்கூல்ல பருப்பு எடை போட்ட சீட்டு வெச்சிருக்கிறீங்க. இது மட்டும் தொலைஞ்சு போச்சா?"

சூசை மேரி சேலையைத் தேடி இழுப்பதுபோல அங்கியின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ராஜ், நீ போய் டீ குடிச்சிட்டு வா."

"ரெண்டு டீ குடிச்சாச்சு மேடம்."

"மூணாவது குடி."

அவன் போனான். சூசை மேரி மகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"மாதாகிட்ட குடுத்துட்டேன்."

"எந்த மாதா?"

"கூட்டேரிப்பட்டுலேர்ந்து உள்ள போனா அடைக்கல மாதா கெபி, அந்தக் குகைக் கோயில் இருக்குதில்ல, அங்க. நானும் அம்மணியும்தான் போனோம். அவ மாரியம்மாவக் கும்புடறவ, இருந்தாலும் மாதான்னா உசுரு. நல்லபடியா ஆனா உருவம் செஞ்சு வெக்கறேன்னு ரெண்டு பேரும் நேந்துக்கினோம். அங்க கடையில வெள்ளித் தகட்டுல கண்ணு, காது, கையி, காலுன்னு மாட்டி வெச்சிருப்பான். எங்களுக்கு வேண்டியத எப்படி வாயத் தொறந்து கேக்கறது? மீசை வெச்ச ஆம்பள உக்காந்துகினு இருக்கறான். ஒரு மணி நேரம் கடைய சுத்திச் சுத்தி வந்தோம். அம்மணிதான் சொன்னா, 'அக்கா, ஆஸ்பத்திரி அட்டைலதான் எல்லாம் எழுதியிருக்குதே, மாதாவுக்குப் படிக்கத் தெரியும்'னு. ரெண்டு பேரும் உண்டியல்ல போட்டுட்டு பஸ் ஏறிட்டோம்."

ஜெர்லின் வாயில் கை வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சாமிக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கச் சொல்லுவ. அது என்னால ஆவாது."

"யாரும் எடுக்கப் போறதில்லக்கா" என்றாள் இசைவாணி. "பாத்துட்டு வர்றேன். அவ்ளோதான். நான் வர்ற வரைக்கும் உள்ள போகாதீங்க."

"டாக்டர் கூப்புட்டா?"

"பாத்ரூம் போறேன்னு சொல்லுங்க. எத்தன தபா வேணா போலாம்."

*

ஆம்னி வேன் கூட்டேரிப்பட்டில் திரும்பி, நிலக்கடலைக் காடுகளுக்கு நடுவே மேற்கே ஓடியது. அதன் ஹாரன் கெட்டுப்போய் ஒரு வருடமாகிறது. ஆரோக்கியராஜ் தலையை வெளியே நீட்டிக் கத்துவதுதான் ஹாரன்.

"ஒண்ணு சொல்லட்டுமா மேடம்? 2019 ஜூலைல ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன்னோட சொரசொரப்பு ரகத்த உலகம் பூரா திரும்ப வாங்கிக்கிச்சு. பேப்பர்லயே வந்துது. ஆனா ஊரு ஊரா இருந்த பெட்டியெல்லாம் ஒழுங்காப் போய்ச் சேந்துச்சான்னு எண்ணுனவன் யாரு? ரெண்டே மாசத்துல இங்க இலவச முகாம். இலவசம்னாலே எனக்கு வயித்தக் கலக்கும். எங்க கம்பெனில காலாவதி ஆவற மருந்தெல்லாம் முகாமுக்குத்தான் போவும்."

"அது சந்தேகம். சாட்சி இல்ல."

"சாட்சிக்குத்தான் மாதாகிட்டயே போறமே."

கெபியைப் பார்த்துக்கொள்பவர் உபதேசியார் தேவசகாயம். எழுபதை நெருங்கும் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் நான்கு பேனா. இசைவாணி "மரியே வாழ்க" என்றதும் எழுந்து சாவியை எடுத்தார். கெபிக்குப் பின்னால் ஓர் அறை. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். நோய் தீர்ந்தவர்கள் விட்டுச் சென்றவை அவற்றில் இருந்தன. வெள்ளித் தகடுகள், ஊன்றுகோல்கள், மூக்குக்கண்ணாடிகள், எக்ஸ்ரே படங்கள், ஒரு தேர்வு முடிவுச் சீட்டு.

"மொதல்ல எல்லாம் குப்பையாக் கெடந்துதுங்க" என்றார் தேவசகாயம் பெருமையோடு. "நான் வந்துதான் பிரிச்சு அடுக்குனேன். இது கண்ணு. இது காலு. இது இருதயம், இதுல கூட்டம் ஜாஸ்தி. பேர் பாத்து அடுக்குனா யாரு தேடறது? உறுப்பு பாத்து அடுக்குனா ஜல்தியா கெடைக்கும்."

"கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு உங்கள அனுப்பணும் ஐயா" என்றான் ஆரோக்கியராஜ். "எனக்கு ஒரு தபா காலுக்கு பதிலா கைய எக்ஸ்ரே எடுத்தாங்க."

"ஆஸ்பத்திரி அட்டை ஒண்ணு, உண்டியல்ல விழுந்திருக்கும்" என்றாள் இசைவாணி. "மார்பு ஆபரேஷன்."

தேவசகாயம் தொண்டையைச் செருமினார். "எனக்கு இங்கிலீஷ் வராது. சிஸ்டர் ஒருத்தங்க படிச்சுச் சொன்னாங்க. அதுக்குன்னு தனித் தட்டு எழுதி ஒட்ட கூச்சமா இருந்துது. தொட்டில், கொழந்தைக்குப் பால் புகட்டற பாலாடை எல்லாம் வெக்கிற தாய்மார் தட்டுல வெச்சிட்டேன்."

கீழ்த் தட்டு. இசைவாணி தரையில் மண்டியிட்டாள். சின்னச் சின்ன வெள்ளித் தொட்டில்களுக்குப் பின்னால் அட்டைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. முதல் அட்டை: சூசை மேரி, வயது 45, 07.09.2019, இடது. அதன் கீழே கம்பெனியின் ஸ்டிக்கர், பளபளப்பு இன்னும் போகாமல். அளவு, ரகம், தொடர் எண். ரகம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஸ்மூத் என்று அச்சாகியிருந்தது.

வழுவழுப்பு.

ஆரோக்கியராஜ் அவள் தோளுக்கு மேல் குனிந்து படித்தான். நிமிர்ந்து சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான்.

"முடிஞ்சுது மேடம். டாக்டர் சொன்னது உண்மை. ஒட்டுனது கம்பெனி ஸ்டிக்கர்தான், டூப்ளிகேட் இல்ல. எத்தன ஸ்டிக்கர் பாத்திருக்கறேன்."

இசைவாணி அட்டையைக் கீழே வைக்கவில்லை. மணி ஒன்றரை. சூசை மேரியைச் சும்மா பயமுறுத்தியிருக்கிறோமா என்று நினைத்தாள். உண்மை என்றால் மாரியப்பன் ஏன் அட்டைக்காக அலைய வேண்டும்? மருத்துவமனைக்குச் சாதகமான சாட்சியை மருத்துவமனையே ஏன் பொறுக்கி எடுக்க வேண்டும்? இந்த அட்டையைத் தனியாகப் பார்த்தால் அவர்களுக்கு ஒரு தீங்கும் இல்லை.

தனியாகப் பார்த்தால்.

அவள் பக்கத்து அட்டையைத் திருப்பினாள். அம்மணி, வயது 39, பெருமுக்கல், 07.09.2019, வலது. ஸ்மூத். இரண்டையும் அருகருகே பிடித்தாள்.

"ராஜ், தொடர் எண்ணப் படி."

"ரெண்டு, ஒண்ணு, எட்டு, நாலு, நாலு, ஒண்ணு, ஏழு."

"இத."

"ரெண்டு, ஒண்ணு, எட்டு..." அவன் நிறுத்தினான். மறுபடி முதல் அட்டையைப் பார்த்தான். "அதே நம்பரு."

"ஒரு வண்டி நம்பர் ரெண்டு வண்டிக்கு இருக்குமா?"

"திருட்டு வண்டின்னா இருக்கும்." அவன் நெற்றியில் தட்டிக்கொண்டான். "ஒவ்வொரு சிலிகான் பைக்கும் தனி நம்பரு மேடம். ஒரு நம்பரு, ஒரு பை. ஆனா பெட்டிக்குள்ள ஒரே நம்பர்ல ஆறு ஸ்டிக்கர் வெச்சிருப்பான். கேஸ் ஷீட்டுக்கு ஒண்ணு, பேஷண்ட் அட்டைக்கு ஒண்ணு, ஆபரேஷன் தியேட்டர் நோட்டுக்கு ஒண்ணு, இப்படி. அந்த ஆற எடுத்து ஆறு பேருக்கு ஒட்டிட்டானுங்க. ஒரே ஒரு நல்ல பெட்டி. அதோட ஸ்டிக்கர் எல்லாருக்கும், பை மட்டும் ஒருத்தருக்கு."

"மத்தவங்களுக்கு வெச்சது வேற எதுவோ. வெளிய பேர் சொல்ல முடியாத எதுவோ."

"எவனுக்கு மேடம் தெரியப் போவுது? ஒருத்தி பெருமுக்கல், ஒருத்தி திண்டிவனம். ரெண்டு பேர் அட்டையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கற எடம் உலகத்துலயே கெடையாது."

"இருக்குதே" என்றார் தேவசகாயம், தான் பாராட்டப்படுகிறோமா திட்டப்படுகிறோமா என்று புரியாமல்.

இசைவாணி இன்னும் மண்டியிட்டிருந்தாள். அவளுடைய குரல் கிட்டத்தட்டக் கேட்கவில்லை. "முகாம்ல அஞ்சு பேரு. ஸ்டிக்கர் ஆறு. ஆறாவது யாரு? அந்த நல்ல பெட்டி யாருக்குப் போச்சு?"

தட்டின் மூலையில், வெள்ளிப் பாலாடைக்கு அடியில், மூன்றாவதாக ஓர் அட்டை இருந்தது. அவள் இழுத்தாள், படித்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"இது யார் குடுத்தாங்கன்னு நெனப்பிருக்கா ஐயா?"

"அது உண்டியல்ல போடலிங்க. கார்ல வந்து எங்கையிலயே குடுத்தாங்க. வெளிய சொல்லாதீங்கன்னாங்க. தகட்டுக் கடைப் பக்கம் போயிட்டு அவங்களும் திரும்பி வந்துட்டாங்க."

அவள் மூன்றையும் செல்போனில் படமெடுத்தாள். அட்டைகளை இருந்தபடியே சாய்த்து வைத்தாள். ஆரோக்கியராஜ் எட்டிப் பார்ப்பதற்குள் தேவசகாயம் கண்ணாடியை மூடிப் பூட்டிவிட்டார்.

"யார் மேடம் அது?"

"வண்டிய எடு."

"பன்னண்டு வருஷம் பை தூக்கினேன், டாக்டருங்ககூட எங்கிட்ட இவ்ளோ மறைச்சதில்ல."

"மூணு படத்தையும் நம்ம ஆபீஸ் கீழ இருக்கற ஜெராக்ஸ் கடைக்கு நானே அனுப்பிடறேன். எத்தன காப்பி முடியுமோ அத்தனையும் எடுக்கச் சொல்லு. ஐயா, நான் திரும்ப வர்ற வரைக்கும் இந்த அலமாரிய யாருக்கும் தொறக்காதீங்க. பிஷப் வந்து கேட்டாலும்."

*

வழியில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்ததில் ஒரு மணி நேரம் போயிற்று. அவர்கள் படியேறியபோது மூன்று ஐம்பது. சூசை மேரியைச் சக்கரக் கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். ஜெர்லின் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர விடாமல் நின்றாள். எதிரே டாக்டர் சக்கரபாணி. அறுபதை நெருங்கும் மனிதர். அமைதியான முகம், இஸ்திரி கலையாத சட்டை.

"அஞ்சு தபா பாத்ரூம் போயிட்டு வந்துட்டேம்மா" என்றாள் சூசை மேரி இசைவாணியைப் பார்த்து. "இனிமே போவ தண்ணியில்ல."

"நீங்க யாரு?" என்றார் டாக்டர்.

"இவங்க பொண்ணு கூப்புட்டு வந்திருக்கறோம். ஒரே ஒரு சந்தேகம் சார்." அவள் செல்போனை நீட்டினாள். "இது இவங்க அட்டை."

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். முகம் தெளிந்தது. "ஸ்மூத். நான் முதல்லேர்ந்து இதைத்தானே சொல்றேன்? அட்டை கிடைச்சிடுச்சுன்னா குடுத்துடுங்க, ஃபைல்ல சேத்துடலாம்."

"இது அம்மணியோட அட்டை." அவள் விரலால் படத்தைத் தள்ளினாள். "தொடர் எண்ணப் பாருங்க."

பார்த்தார். மறுபடி முதல் படத்துக்குத் தள்ளிப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கினார்.

"கிளார்க் தப்பு. ஸ்டிக்கர் மாத்தி ஒட்டியிருப்பான். போனக் குடுங்க, நான் விசாரிக்கிறேன்."

"போன் வேணும்னா வெச்சுக்கோங்க சார்" என்றான் ஆரோக்கியராஜ். "விழுப்புரத்துல இந்நேரம் முப்பது காப்பி சூடா வந்திருக்கும். எங்க ஜெராக்ஸ்காரன் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் நிறுத்த மாட்டான்."

"ஸ்டிக்கர் மாறினதால என்ன ஆயிடுச்சு இப்ப?" டாக்டரின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "இலவசமா செஞ்சு குடுத்தேன். மார்பு இல்லாம தலை குனிஞ்சு நடந்தவங்க. சொரசொரப்பு வெச்சா கேன்சர் வரும்னு எவனோ எழுதுறான். ஆயிரக்கணக்கான பேர்ல ஒருத்தருக்கு வருமோ என்னமோ. எந்த ரகம் வெச்சாலும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"யாருக்கு வெச்சாலும்?"

"யாருக்கு வெச்சாலும்."

இசைவாணி மூன்றாவது படத்தைத் திருப்பினாள். பெயர் இருந்த இடத்தைக் கட்டை விரலால் மறைத்து, அவர் மட்டும் பார்க்கும்படி பிடித்தாள். "இருபது ஆகஸ்ட் 2019. முகாமுக்குப் பதினெட்டு நாள் முன்னாடி. அதே தொடர் எண். அந்த ஒரே ஒரு நல்ல பெட்டி இவங்களுக்குத்தான் போயிருக்கு. எல்லாம் ஒண்ணுதான்னா இவங்களுக்கு மட்டும் ஏன் தனியா வரவழைச்சீங்க?"

டாக்டர் படத்தையே பார்த்தார். மேசையில் எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் எழுதுவதை நிறுத்தினாள்.

"இது எங்க கிடைச்சுது? அவ குடுத்தாளா?" என்றார். இசைவாணி போனை விலக்கவில்லை; அவரே தொடர்ந்தார். "அவங்க என் வீட்டுக்காரங்க. அவங்க அம்மாவுக்கு கேன்சர் இருந்துது, அக்காவுக்கும் இருந்துது. அந்த நிலைமையில நான் எப்படிம்மா ரிஸ்க் எடுக்க முடியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

இசைவாணி போனைப் பைக்குள் போட்டாள். அவள் கேட்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. கேட்டது சூசை மேரி.

"அப்ப ரிஸ்க் இருக்குதுன்னு தெரியும்."

"மேரி, நீ படு. டென்ஷன் ஆவாத."

"தெரிஞ்சுதான் எங்களுக்கு வெச்சீங்க. அம்மணிக்கும்." அவள் சக்கரக் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தாள். நர்ஸிடம் கையை நீட்டினாள். "இத எடும்மா."

நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஊசியைக் கழற்றி, பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"இப்படிப் பாதியில போனா நாங்க பொறுப்பில்ல" என்றார் டாக்டர். உதவியாளர் ஒருவர் எங்கிருந்தோ ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். "சொந்த விருப்பத்துல போறேன்னு கையெழுத்து போட்டுட்டுப் போ."

சூசை மேரி படிவத்தை வாங்கித் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதை அவரிடமே நீட்டினாள்.

"நான் போடறேன். அதுக்கு முன்னாடி நீங்க போடுங்க. எனக்கு உள்ள வெச்சது இன்னா, எந்தக் கம்பெனி, எங்க வாங்குனது, எழுதிக் கையெழுத்து போடுங்க. எனக்கும் போடுங்க, செத்துப்போனாளே அவளுக்கும் போடுங்க."

அவர் வாங்கவில்லை. காகிதம் சிறிது நேரம் இருவருக்கும் நடுவில் நின்றது.

"வேணாம்" என்றாள் அவள். "புதுச்சேரில எடுத்துப் பாத்து அவங்க எழுதிக்கட்டும். நீங்க எடுத்து எரிக்கறதுக்கு இது அம்மணியோடது இல்ல."

பச்சை அங்கிக்கு மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள். ஜெர்லின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். கீழே மாரியப்பன் மேலே வரலாமா கூடாதா என்று சுவரோரம் நின்றிருந்தார்.

"லிஃப்ட் வேல செய்யுதாண்ணே?" என்று கேட்டான் ஆரோக்கியராஜ். குரலில் கிண்டல் இருந்தது, முகத்தில் இல்லை. "போலீஸ்காரங்க ரெண்டு மாடி ஏறணும், அதான்."

வேனில் ஏறியதும் இசைவாணி புதுச்சேரி டாக்டரைக் கூப்பிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் வருகிறோம் என்று சொன்னாள். அடுத்து மருந்துக் கட்டுப்பாட்டில் இன்னும் வேலையிலிருக்கும் பழைய சகா ஒருவரை அழைத்தாள். இந்த முறை அறிக்கையை அலமாரியில் வைக்க முடியாது, முப்பது பிரதி இருக்கிறது என்றாள்.

"முகாம்ல இன்னும் மூணு பேரு இருக்கறாங்க" என்று ஆரோக்கியராஜிடம் சொன்னாள். "பேரு கூடத் தெரியாது. ஃபைல் கூழாயிடுச்சாம்."

"எனக்குத் தெரியும்" என்றது பின் இருக்கைக் குரல்.

சூசை மேரி மகளின் செல்போனை வாங்கியிருந்தாள். "அஞ்சு பேரும் ஒரே ரூம்ல மூணு நாளு படுத்துக் கெடந்தோம். பேரு தெரியாம இருக்குமா? மொதல்ல முகையூர் வீரம்மா." எண்ணை மனப்பாடமாக அழுத்தினாள். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"வீரம்மா, நான் சூசை மேரி பேசறேன். திண்டிவனம். நல்லாக்கிறியா? இரு, நான் சொல்றதக் கேளு. ஆஸ்பத்திரிலேர்ந்து ஆளு வந்து அட்டையக் கேட்டாங்களா?"

ஜெர்லின் அம்மாவின் பக்கம் சாய்ந்தாள். அந்தப் பக்கம் வீரம்மா பேசிக்கொண்டே இருந்தாள். என்ன சொல்கிறாள் என்று மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. சூசை மேரியின் கை தன்னையறியாமல் தன் இடது மார்பின் மேல் போய் நின்றது.

"எத்தன நாளா?" என்று கேட்டாள். பிறகு, குரலை மாற்றாமல், "எந்தப் பக்கம் வீங்கியிருக்குது?"